சுண்டுவிரல் சட்டம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்யாண மண்டபமோ, பேங்க்கோ, டாக்டர் வீட்டு வராந்தாவோ, உள்ளே நுழைந்ததும் கண் தேடுவது அந்த ஒரு கதவைத்தான். எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் விழுமா, யாரிடம் கேட்கவேண்டும், கேட்டால் முகத்தைச் சுளிப்பார்களா. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் முதுகு நாற்காலியில் சாயும். வயது நாற்பத்து நாலு ஆகிவிட்டது. முழங்கால் மட்டும் இன்னும் ரெண்டாங்கிளாஸ் பெஞ்சில் ஆடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்ப இயலாது, இடைவேளையைப் பயன்படுத்தப் பழக்கவும், ஒத்துழைப்புக்கு நன்றி. அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அத்தனை அப்பாக்களும் அத்தனை அம்மாக்களும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஒரு பதிலைத் தட்டுவதும் அழிப்பதுமாக, அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எழுத வந்தது வேறு விரலைப் பற்றி.

நாங்கள் அப்போது பழங்காநத்தத்தில் இருந்தோம். அம்மாவுக்கு சிம்மக்கல்லில், நோட்டுப் புத்தக மொத்தக் கடை ஒன்றில், கட்டுப் பிரித்து அடுக்கிக் கொடுக்கிற வேலை. அவள் கண்பார்வையில் இருக்கட்டும் என்று என்னையும் அங்கேயே, கடைக்கு இரண்டு சந்து தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் ஒரு மாடி வீடு. ஜன்னலுக்கு வெளியே மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம், ஆட்டோக்காரர்களின் சண்டை, டவுன் பஸ்ஸின் ஹாரன். அதற்கும் மேலே குரலை ஏற்றித்தான் வாய்ப்பாடு சொல்லவேண்டும். மூன்றாம் வாய்ப்பாடு தெருவுக்கே கேட்கும்.

கொல்லைப் பக்கம் இரண்டு கக்கூஸ். ஒன்று பூட்டியிருக்கும், அது மிஸ்களுக்கு. மற்றது பெண்பிள்ளைகளுக்கு. பையன்களுக்குச் சுவர் இருந்தது. எங்கள் கக்கூஸுக்குத் தகரக் கதவு, அந்தக் கதவுக்கு ஒரு காலத்தில் தாழ்ப்பாளும் இருந்தது. ஒருநாள் அது கழன்று விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் ஒரு விதியைப் போட்டது. விதிக்கு ஆணி வேண்டாம், ஆசாரி வேண்டாம், பிரேயரில் ஒரு தடவை சொன்னால் போதும். விதி இதுதான்: யாரும் தனியாகப் போகக்கூடாது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள்தான் ஜோடி. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் ஒரு நைலான் கயிறு கோத்துக் கட்டியிருந்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பு நடக்கும்போது போகவேண்டுமென்றால் வாயைத் திறக்கக்கூடாது, விரலைத்தான் காட்டவேண்டும். ஒன்னுக்கு என்றால் சுண்டுவிரல். ரெண்டுக்கு என்றால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து. சுண்டுவிரலுக்கு எங்கள் மிஸ்ஸிடம் மரியாதையே கிடையாது. "அடக்கிக்க, இம்புட்டு நேரம்தான இருக்கு," என்று விரல்நுனியில் ஒரு அரிசி அளவு காட்டுவார். இரண்டு விரலைக் காட்டினால் மட்டும் கையிலிருக்கும் சாக்குக்கட்டி விழுகிற மாதிரி பதறிப்போய், "ஓடு ஓடு, ஜோடியக் கூட்டிட்டு ஓடு," என்பார். ஆனாலும் அந்த விரலை யாரும் காட்டுவதில்லை. காட்டினால் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஊஊ" என்று ஊளையிடும். போனவள் திரும்பி வருவதற்குள் ஒரு பட்டப்பெயர் அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

என் ஜோடி சுகுணா. வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அஞ்சாங்கிளாஸில் இருந்த அவள் அக்கா தமிழில் எவரையும் விளாசுவாள். சுகுணா மட்டும் ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும், ஈரத் தரையில் கால் வைக்கிற மாதிரி, முதலில் ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். அவளுக்குக் காய், பழம் கற்றுக்கொடுத்தது நான்தான். சண்டை போட்டால் சுண்டுவிரலை நீட்டவேண்டும், அது காய். அப்புறம் பேசக்கூடாது, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பேச்சு காதில் விழவும் கூடாது. சமாதானம் என்றால் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டவேண்டும், அது பழம்.

சுகுணா யோசித்தாள். "அது மிஸ்கிட்ட காட்டுறதுல்ல?"

"அது மிஸ்ஸுக்கு. இது நமக்கு."

எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. அவள்தான் கொஞ்ச நேரம் விரல்களை மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தெருவில் பிள்ளைகள் சண்டை போட்டால் வேறு மாதிரியாம். என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் இடைவேளையில் நான் உள்ளே இருந்தேன், அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள். வெளியே பள்ளிக்கூட ஆயாம்மா குரல் கேட்டது. "ஏ பாப்பா, இங்கிட்டு வா. இந்தக் குடத்த ஒரு கை பிடி." அடுத்த நொடி கதவு அதுபாட்டுக்குக் கிறீச்சென்று திறந்துகொண்டு சுவரில் போய் மோதியது. வெளிச்சம் முழுக்க என் மேல் விழுந்தது. எதிரே குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்த நாலாங்கிளாஸ் பையன்கள் மூன்று பேர். ஒருவன் "டேய், மாப்ள, அங்க பார்ரா," என்றான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சம் காதுக்குள் ஒரே இரைச்சல்.

வெளியே வந்ததும் சுண்டுவிரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். காய். அவள் ஆயாம்மா பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தாள். காய் விட்டாயிற்றே, காது கேட்கக்கூடாது. கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போலச் சொன்னாள், "தண்ணி ரொம்பக் குடிக்காத." அவளும் ஒரு மடக்குதான் குடிப்பாள். அந்தக் கடையில் வேலை பார்த்த ஐந்து பெண்களுக்கும் ஒதுங்க ஓர் இடம் கிடையாது என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. நான் அன்றைக்குப் பிடிவாதமாக இரண்டு டம்ளர் குடித்தேன். இடைவேளை வந்தது. போகவில்லை. போனால் அவளோடு போகவேண்டும், அவள் கயிற்றைப் பிடிக்கவேண்டும், கதவு திறக்கும். பிள்ளைகள் எல்லாம் ஜோடி ஜோடியாகக் கொல்லைக்கு ஓடியபோது நான் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீராங்கனை மாதிரி.

அந்த வீரம் ஒரு கணக்கு நேரம்கூடத் தாங்கவில்லை.

முதலில் வயிற்றுக்குக் கீழே யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. காலை மாற்றிப் போட்டேன். மாற்றியதை மாற்றினேன். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன், பதினொன்று, திரும்ப எண்ணினேன், பத்து. தெருவில் யாரோ டின்னிலிருந்து டின்னுக்கு எதையோ ஊற்றினார்கள், அது எண்ணெயோ தண்ணீரோ, அந்தச் சத்தம் நேராக என் தொடைக்குள் இறங்கியது. கொல்லையில் குழாய் திறந்தார்கள். மூடினார்கள். மறுபடியும் திறந்தார்கள். ஊர் முழுக்க அன்றைக்கு எதையாவது ஊற்றிக்கொண்டே இருந்தது. சிலேட்டுப் பலகையை மடியில் அழுத்தி, அதன் மேல் குனிந்து, பாதத்தால் தரையைத் தட்டி, பின்னலைக் கடித்து, கடைசியில் சுண்டுவிரலைத் தூக்கினேன்.

"இப்பத்தானடி இன்டர்வெல் விட்டேன்? அப்ப என்ன பண்ணிட்டு இருந்த?"

அதற்கு என்ன விரல் காட்டுவது?

"அடக்கிக்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினேன். மிஸ் கரும்பலகையிலிருந்து திரும்பவே இல்லை. "தெரியும், தெரியும், உக்காரு," என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் முட்டியது, அதையும் விடப் பயமாக இருந்தது. ஒன்று வந்தால் இன்னொன்றும் வந்துவிடும்.

அப்போதுதான் சுகுணா பெஞ்சுக்கு அடியில் என் முழங்காலைத் தொட்டாள். பார்த்தேன். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டியிருந்தாள். பழம்.

எனக்கு வந்ததே கோபம். இந்த நேரத்திலா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதிலுக்குச் சுண்டுவிரலை நீட்டினேன். காய். காய்தான்.

அவள் விரலை மடக்கவில்லை. அப்படியே கையை மட்டும் மேலே தூக்கினாள்.

"ஐயையோ," என்றார் மிஸ். "ஓடு, ஓடு. ஜோடியக் கூட்டிட்டு ஓடு."

வகுப்பு ஊளையிட்டது. முப்பது மூக்குகளை முப்பது கைகள் பிடித்தன. சுகுணாவின் காது மடல் சிவந்தது. அவள் எழுந்தாள், நான் அவளுக்கு முன்னால் பாய்ந்தேன். படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ரெண்டுக்கு வந்தவளைத் தள்ளிவிட்டு ஒன்னுக்கு வந்தவள் முதலில் உள்ளே போவது நியாயமா என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. போனேன். கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கு அது ஓர் இம்மிகூட அசையவில்லை. சுவரோடு சுவராக நின்றது. நான் அழுதேன், நிம்மதியில்.

வெளியே வந்தபோது சுகுணா கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றிருந்தாள். சுற்றை அவிழ்த்ததும் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் போகவில்லை. வகுப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாம்மாவுக்குக் கண் கீரையில் இல்லை. எங்களுக்குப் பின்னாலேயே மாடி ஏறி வந்தார்.

"மிஸ், இந்தப் பிள்ளையா ரெண்டுக்குன்னு வந்துச்சு? காலப் பாருங்க, காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டுத் தண்ணி படல."

எல்லோரும் சுகுணாவின் காலைப் பார்த்தார்கள். புழுதி படிந்த, உலர்ந்த, சின்னக் கால்கள். ஒரு காலை மற்றதன் மேல் வைத்து மறைக்கப் பார்த்தாள்.

மிஸ் என்னிடம் கேட்டார். "இவ உள்ள போனாளா?"

"போகல மிஸ். கயித்தப் பிடிச்சிட்டு வெளியவே நின்னா."

"ஒரு நிமிஷம்கூடப் போகலையா?"

"போகவே இல்ல மிஸ்."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அப்படிப் பதில் சொன்னால் அந்த மிஸ் "குட்" என்பார். சொன்னார். அதன் பிறகு சுகுணாவின் பக்கம் திரும்பினார். "இதுல பொய் சொல்லுவியாடி? வெளிய சுத்துறதுக்கு ரெண்டு வெரலு. இன்னைக்கு பூராம் ஒனக்கு லீவு கிடையாது. எந்த வெரலு காட்டினாலும் கிடையாது." வகுப்பை நோக்கி, "கேட்டுக்கங்க எல்லாரும். இனிமே ரெண்டு வெரலுன்னாலும் பெல் அடிக்கிற வரைக்கும் இருக்கணும். இந்தப் பிள்ளையால வந்தது."

சுகுணா ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் வராமலா, சொல்ல இஷ்டமில்லாமலா, இன்றைக்கும் தெரியவில்லை. மிஸ் கை காட்டியதும் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் கால் என் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் புளிசாதத்தை முடித்துவிட்டு நொண்டி விளையாடக் கட்டம் கிழித்துக்கொண்டிருந்தேன். சுகுணா வந்து என் முன்னால் நின்றாள். டப்பாவைத் திறக்கவே இல்லை போலிருந்தது. என்னைப் பார்த்துச் சுண்டுவிரலை நீட்டினாள்.

ஆகா, இப்போது இவள் காய் விடுகிறாளா. பொய் சொன்னது இவள், காய் விடுவதும் இவளா. நானும் விரலை நீட்டினேன். இன்னும் அழுத்தமாக. அவள் போகவில்லை. மறுபடியும் சுண்டுவிரலைக் காட்டினாள், இந்தத் தடவை கொல்லைப் பக்கம் தலையைத் திருப்பி. நான் மறுபடியும் காட்டினேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏ, போயிட்டே இரு," என்றாள் ஒருத்தி. சுகுணா கொல்லைக்கு நடந்தாள். அங்கே ஆயாம்மாவின் குரல் கணீரென்று கேட்டது: "ஜோடி எங்க? தனியா விடக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்கள்ல? அதுலயும் நீயி." திரும்பி வந்தாள். நான் நொண்டியில் மூன்றாவது கட்டத்தில் இருந்தேன். ஒரு காலில் நிற்கிறவளால் யாரைப் பற்றியும் யோசிக்க முடியாது.

பிற்பகல் தமிழ்ப் பாடம். எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பெஞ்சு ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த ஆட்டம். காலை மாற்றிப் போடுகிற ஆட்டம், தரையைத் தட்டுகிற ஆட்டம். "ஆட்டாத," என்று சொல்ல வாயெடுத்தேன். காய் விட்டவளிடம் அதையும் சொல்லமுடியாது. பிறகு பெஞ்சு ஆடுவது நின்றது. அந்த நிறுத்தம்தான் எனக்கு முதலில் வித்தியாசமாகப் பட்டது.

சிமெண்டுத் தரையில் ஒரு கோடு மெதுவாக, அவசரமில்லாமல், என் பக்கமாக வந்தது. தரையின் ஓட்டத்துக்கு வளைந்து, என் பைக்கு அருகில் வந்து, கொஞ்சம் யோசித்து நின்றது.

நான் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

"மிஸ், ஐயே, மிஸ்," என்று முன்வரிசை எழுந்தது. மிஸ் வந்து பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம், கொஞ்சம் ஆசையோடுதான். அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. "எல்லாரும் எந்திரிங்க. அந்தச் சுவரப் பாத்துத் திரும்பி நில்லுங்க. ஒருத்தரும் இங்கிட்டுத் திரும்பக்கூடாது," என்றார். முப்பது பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். முதுகுக்குப் பின்னால் வாளிச் சத்தம், ஆயாம்மாவின் பெருமூச்சு, மிஸ்ஸின் குரல், அது எங்களிடம் ஒருநாளும் பேசாத குரல், "ஒன்னுமில்ல கண்ணு, ஒன்னுமில்ல," என்று. சுகுணாவின் சத்தம் மட்டும் வரவே இல்லை.

அஞ்சாங்கிளாஸிலிருந்து அவள் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் வந்து தங்கையிடம் அவர்கள் பாஷையில் என்னவோ வேகமாகக் கேட்டாள், சுகுணா சின்னக் குரலில் என்னவோ சொன்னாள். பையை எடுக்க அக்கா எங்கள் பெஞ்சுக்கு வந்தாள்.

"நீதான அவ ஜோடி?"

"ஆமாக்கா."

"பெறகு ஏன் கூடப் போகல?"

"காய்க்கா," என்றேன். வேறென்ன சொல்ல? அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா? அந்த அக்கா, எவரையும் விளாசுகிற அந்த அக்கா, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சாயங்காலம் அம்மாவோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். இடம் கிடைத்தாலும் அம்மா உட்காரமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றி, பஸ் எங்கே வருகிறது என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குனிந்து பார்த்தபடி வருவாள். இறங்கியதும் வீடுவரைக்கும் ஓட்டமாக நடப்பாள். என்ன அவசரமோ என்று நான் பின்னாலேயே ஓடுவேன்.

அன்றைக்கு எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கூட்டத்தின் இடுக்கிலிருந்து அண்ணாந்து பார்த்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கணக்கு நேரத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது, மிஸ் விடமாட்டேன் என்றது, சுகுணா கையைத் தூக்கியது, காய்ந்த கால், தரையில் வந்த கோடு, நான் பையைக் காப்பாற்றியது.

"அவளுக்கு வரவே இல்லம்மா. பொய்யி. மிஸ் கேட்டாங்க, நான் உண்மையச் சொல்லிட்டேன். மிஸ் குட் சொன்னாங்க."

அம்மா அதுவரை வெளியே பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். இப்போது குனிந்து என்னைப் பார்த்தாள்.

"வரலைன்னா, பெறகு எதுக்குடி ரெண்டு வெரலக் காட்டுனா?"

இது ஒரு கேள்வியா என்று இருந்தது எனக்கு.

"நான் போகணும்ல? கதவப் பிடிக்க ஆள் வேணும்லம்மா," என்றேன்.

 அம்மா மேலே கம்பியிலிருந்த கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ் குலுங்கியது, அவளும் குலுங்கினாள், பிடியை மட்டும் விடவில்லை. "வலிக்குதும்மா," என்றேன். அப்போதும் விடவில்லை. எங்கள் நிறுத்தம் வரைக்கும் அதே பிடிதான்.

உண்மையைச் சொன்ன பிள்ளையை எதற்கு இப்படிப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். சுகுணா மேல் அம்மாவுக்கு அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். நாளைக்கு அவளே வந்து பழம் கேட்டாலும் விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.